மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடுகிறதே: விசையும் இயக்கமும் பற்றி ஓர் இழை

கேள்வி: களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய், 2024 மார்ச் 4

மகன் பத்தாம் தரம். சமப்படுத்தப்படாத விசை ஒன்று தாக்காதவரை ஓய்வில் உள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும், இயங்கும் பொருள் மாறாத வேகத்தில் நேர்கோட்டில் இயங்கிக்கொண்டே இருக்கும் என்று விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தான். உடனே என்னிடம் வந்து, "அம்மா, மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடுகிறதே, புத்தகம் பொய் சொல்கிறதா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பில் கேட்டானாம். "சோதனையில் புத்தகத்தில் உள்ளதை எழுது, புள்ளி கிடைக்கும்" என்று சொல்லிவிட்டார்களாம். உண்மைக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று என்றா பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது?

பதில்: ஓர் ஆசிரியர், மார்ச் 4, இரவு

இல்லை தங்கச்சி. இரண்டும் ஒன்றேதான். மகனிடம் இன்றிரவே ஒரு கேள்வி கேளுங்கள்: மிதிப்பதை விட்ட பிறகு சைக்கிளை நிறுத்தியது யார்? "தானாக நின்றது" என்று சொன்னால் விடாதீர்கள். மீதியை நாளை எழுதுகிறேன்.

பிள்ளையைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். தள்ளுகிற ஒன்று இருந்தால்தான் பொருள் நகரும் என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டோட்டில் சொன்னார். நியூற்றன் தம் விதிகளை 1687இல் அச்சில் கொண்டுவரும்வரை, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அந்தக் கருத்து செல்வாக்கோடு இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதே எண்ணம் வருவது அவன் சுற்றுமுற்றும் கவனித்துப் பார்க்கிறான் என்பதற்கு அடையாளம். அந்தக் கேள்வியைப் புள்ளிக் கணக்கைச் சொல்லி வாயடைத்ததுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

மார்ச் 5

சைக்கிளை எண்களோடு பார்ப்போம். கல்லடிப் புதிய பாலத்தின் மட்டமான பகுதியில் ஒரு பையன் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோகிராம் திணிவு. மணிக்கு 18 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 5 மீற்றர் வேகம். மிதிப்பதை விடுகிறான். 50 மீற்றர் உருண்டு நிற்கிறது.

வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் அமர்முடுகல் (வேகம் குறையும் வீதம்) கிடைக்கும்: 25ஐ 100ஆல் வகுக்க 0.25 மீற்றர்/செக்கன்². இதை 80ஆல் பெருக்கினால் விசை கிடைக்கும்: 20 நியூற்றன் (விசையை அளக்கும் அலகு). நிற்பதற்கு 20 செக்கன் எடுக்கிறது.

ஆகவே சைக்கிளை நிறுத்தியவருக்கு ஒரு பெயரும் உண்டு, ஓர் அளவும் உண்டு. வீதிக்கும் டயருக்கும் இடையே நடப்பது, அச்சில் உள்ள உராய்வு, முகத்தில் அடிக்கும் காற்று, இவை எல்லாம் சேர்ந்து பின்னோக்கிச் சராசரியாக 20 நியூற்றன். ஏறத்தாழ 2 கிலோ சீனிப் பையைக் கையில் தூக்கும்போது தேவைப்படும் அளவுதான். இவ்வளவு சிறியது என்பதால்தான் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பையன் மிதித்துக்கொண்டே ஒரே வேகத்தில் போகிறானே, அப்போது அவன் என்ன செய்கிறான்? பின்னோக்கிய 20 நியூற்றனுக்கு எதிராக முன்னோக்கி 20 நியூற்றன் கிடைக்கச் செய்கிறான். விளையுள் விசை, அதாவது எல்லா விசைகளையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது, பூச்சியம். வேகம் மாறவில்லை. புத்தகத்தில் இருக்கும் முதலாம் விதி அப்படியே கல்லடிப் பாலத்தில் நடக்கிறது. கால் வலிப்பதால், தன் விசைதான் சைக்கிளை "ஓட்டுகிறது" என்று பையன் நினைக்கிறான். உண்மையில் அவன் கால் உராய்வோடும் காற்றோடும் கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. 25 நியூற்றன் கொடுத்தால் மிச்சமுள்ள 5 நியூற்றன் வேகத்தைக் கூட்டும். 15 கொடுத்தால் வேகம் குறையும்.

வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது அதே பாலத்தில் காற்றை எதிர்த்துப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கில் எந்த எண் மாறியது என்பதைக் காலே சொல்லிவிடும்.

மார்ச் 9

"உராய்வே இல்லாத இடத்தை யார் கண்டார்கள்? கற்பனையான இடத்துக்கு ஒரு விதி எதற்கு?" என்று ஆரையம்பதியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மிக நல்ல கேள்வி. கலிலியோவுக்கும் அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. அவர் என்ன செய்தார் என்பதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

வயரிங் வேலைக்குப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கேசிங்கில் இரண்டு நீளத் துண்டுகள் வாங்குங்கள். மூடியைக் கழற்றிவிட்டால் நடுவில் வாய்க்கால் கிடைக்கும். ஒரு துண்டைச் சரிவாக வைத்து, அதன் அடியில் மற்றதை எதிர்ச்சரிவாகச் சேர்த்து வையுங்கள். சேரும் இடத்தில் படி இல்லாதபடி செலோடேப் ஒட்டி விரலால் தடவிப் பாருங்கள். நகத்தில் தட்டுப்பட்டால் போளையும் (கோலிக்குண்டு) அங்கே தட்டுப்பட்டுக் குதிக்கும். ஒரு பக்கத்தில் ஒரு சாண் உயரத்திலிருந்து போளையை விடுங்கள், தள்ளாமல். மறுபக்கம் ஏறத்தாழ அதே உயரத்துக்கு ஏறும். சற்றுக் குறையும். அந்தக் குறைவுதான் உராய்வு தின்றது.

இனி இரண்டாவது துண்டின் சரிவைக் குறையுங்கள். போளை முன்னைய உயரத்தைத் தேடிக்கொண்டு இன்னும் அதிக தூரம் ஓடும். மேலும் குறைத்தால் மேலும் ஓடும். கடைசியில் இரண்டாவது துண்டைத் தரையோடு மட்டமாக வைத்துவிட்டால் அது எந்த உயரத்தைப் பிடிக்கும்? பிடிக்க உயரமே இல்லை. உராய்வு தின்னாவிட்டால் நிற்பதற்குக் காரணமும் இல்லை.

வகுப்பில் இதைச் செய்யும்போது கடைசிப் படியை நான் சொல்வதே இல்லை. பிள்ளைகள் துண்டை மட்டமாக வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் போளையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது ஒரு பிள்ளை "சேர், அப்ப இது நிற்கவே கூடாதே" என்று சொல்லும்.

மார்ச் 10

மேலே எழுதியதற்கு ஒட்டாக இரண்டு விஷயங்கள்.

கரம் பலகை உள்ள வீடுகளில் போளை தேடவும் தேவையில்லை. பவுடர் போடாமல் ஒரு சுண்டு, பவுடர் போட்டு அதே பலத்தில் ஒரு சுண்டு. காயைச் சுண்டிய விரல் இரண்டு முறையும் அதே விரல்தான். தூரம் மட்டும் ஏன் மாறுகிறது?

உராய்வில்லாத இடம் இப்போது கற்பனையும் அல்ல. 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 விண்கலம் இன்றும் செக்கனுக்கு ஏறத்தாழ 17 கிலோமீற்றர் வேகத்தில் சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டிருக்கும் இயந்திரம் எதுவும் இல்லை. சூரியனின் ஈர்ப்பு மட்டும் பின்னாலிருந்து மிக மெல்ல இழுக்கிறது.

மார்ச் 17

ஏறாவூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறேன். சாரதி திடீரென்று பிரேக் போட்டால் முன்னால் தள்ளப்படுகிறேன். அந்தத் தள்ளும் விசையை யார் கொடுக்கிறார்கள்?"

யாரும் கொடுப்பதில்லை. தேடிப் பார்க்கலாம். உங்களுக்குப் பின்னால் நின்றவர் தள்ளவில்லை. காற்றுத் தள்ளவில்லை. பஸ் உங்களைத் தொடும் இடம் இரண்டுதான்: காலடித் தளமும் கைப்பிடிக் கம்பியும். பிரேக் போட்டபோது தளம் உங்கள் செருப்பைப் பின்னோக்கி இழுத்தது. கால் பஸ்ஸோடு சேர்ந்து வேகம் குறைந்தது. இடுப்புக்கு மேலே இருந்த உடல் முன்னைய வேகத்திலேயே தொடர்ந்தது. சடத்துவம் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். முன்னால் யாரும் தள்ளவில்லை, பின்னால் பிடிக்க வேண்டியவர்தான் போதிய அளவு பிடிக்கவில்லை.

எவ்வளவு பிடிக்க வேண்டியிருந்தது? மணிக்கு 36 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 10 மீற்றரில் வந்த பஸ் 4 செக்கனில் நின்றால் அமர்முடுகல் 2.5 மீற்றர்/செக்கன்². 60 கிலோகிராம் உள்ள ஒருவருக்கு 150 நியூற்றன் பின்னோக்கித் தேவை. அது 15 கிலோ அரிசியைத் தூக்குவதற்குச் சமம். கைப்பிடி இருந்தால் கை அதைக் கொடுக்கும். இல்லாவிட்டால் முன்னால் நிற்பவரின் முதுகு கொடுக்கும். 4 செக்கனுக்குப் பதிலாக 1 செக்கனில் நின்றால் 600 நியூற்றன், அதாவது அவருடைய நிறைக்கே (பூமி அவரை இழுக்கும் விசைக்கே) சமமான விசை. எந்தக் கையாலும் தாங்குவது கடினம். படியில் தொங்கிக்கொண்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை நான் கரும்பலகையில் பெரிதாக எழுதிக் காட்டுகிறேன். சோதனைக்கு வந்தாலும் வராவிட்டாலும் எழுதுவேன்.

மார்ச் 18

நேற்று எழுதியதை மீண்டும் வாசித்தபோது, இந்த இழையில் எல்லாப் பதில்களும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று பட்டது. "யார்?" என்று கேட்கிறோம். விசை என்பது ஒரு பொருள் இன்னொரு பொருளுக்குக் கொடுப்பது. கொடுப்பவர் இல்லாமல் விசை கிடையாது. ஆகவே பிள்ளை அம்புக்குறி வரையும்போது ஒவ்வோர் அம்புக்கும் பக்கத்தில் "யார் → யாருக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். பூமி → சைக்கிளுக்கு. வீதி → டயருக்கு. காற்று → பையனுக்கு. கொடுப்பவரின் பெயரை எழுத முடியாத அம்பு எதுவானாலும் அதை அழித்துவிட வேண்டும்.

அழிக்கப்படும் அம்புகளில் முதலிடம் "இயக்க விசை" என்ற ஒன்றுக்கு. உருளும் போளைக்கு முன்னால் அந்த அம்பை வரையாத வகுப்பை நான் கண்டதில்லை. போளை உள்ளே சுமந்துகொண்டு போவது உந்தம், திணிவையும் வேகத்தையும் பெருக்கி வருவது. அது விசை அல்ல. இதைப் பிள்ளைகள் கேட்காமல் நாமே சொன்னால் நுழையாது. அழிரப்பர் கையில் இருக்கும்போது சொன்னால் நுழையும்.

முன்பெல்லாம் விதிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் படிப்பித்தேன். இப்போது "யார் → யாருக்கு" என்பதை முதலில் வைத்து, தாக்கமும் மறுதாக்கமும் பற்றிய மூன்றாம் விதியின் பாதியை அங்கேயே சொல்லிவிட்டு, பிறகு முதலாம் விதிக்குப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மாற்றுக் கருத்துள்ள ஆசிரியர்கள் எழுதுங்கள்.

மார்ச் 24

அக்கரைப்பற்றிலிருந்து ஓர் அண்ணன்: "பாரமானதும் இலேசானதும் ஒன்றாக விழும் என்கிறீர்கள். நான் விவசாயி. நெல்லையும் பதரையும் சேர்த்துத் தூற்றினால் நெல் காலடியில் விழுகிறது, பதர் தூரத்தில் போய் விழுகிறது. ஒன்றாக விழுந்தால் எங்கள் கதி என்ன?"

அண்ணன், இந்த இழையில் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் இது. அறுவடை இயந்திரம் வருவதற்கு முன்னர் களவெட்டியில் சுளகைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு காற்றுப் பார்த்து நின்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புத்தகத்துக்கும் தெரியும், ஆனால் அந்தப் பந்தியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

காற்றே இல்லாவிட்டால் எல்லாப் பொருளும் ஒரே ஆர்முடுகலோடு (வேகம் கூடும் வீதத்தோடு) விழும், ஏறத்தாழ 9.8 மீற்றர்/செக்கன்². பாரமான பொருளைப் பூமி அதிக விசையோடு இழுக்கிறது, ஆனால் அதை நகர்த்துவதும் அதே விகிதத்தில் கடினம். இரண்டும் சமனாகிவிடுகின்றன. 1971இல் அப்பலோ 15 விண்கலத்தில் சந்திரனுக்குப் போன டேவிட் ஸ்கொட் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். அங்கே காற்று இல்லை. இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன.

களவெட்டியில் காற்று இருக்கிறது. நெல்மணியும் பதரும் ஏறத்தாழ ஒரே பருமன், ஒரே வடிவம். ஆகவே காற்று இரண்டையும் ஏறத்தாழ ஒரே விசையோடு பக்கவாட்டில் தள்ளுகிறது. ஆனால் பதரின் திணிவு பல மடங்கு குறைவு. விசை ஒன்று, திணிவு குறைவு என்றால் ஆர்முடுகல் கூடும். இதுதான் இரண்டாம் விதி. நெல்லையும் பதரையும் பிரிப்பது திணிவு என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே வடிவமும் வெவ்வேறு திணிவும் உள்ள இரண்டு பொருள்களுக்கு ஒரே விசையைக் கொடுத்துப் பார்க்கிற பரிசோதனையை எந்த ஆய்வுகூடத்திலும் இவ்வளவு பெரிதாகச் செய்ய முடியாது. அறுவடை இயந்திரத்துக்குள் சுழலும் விசிறியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

குரும்பையும் முற்றிய தேங்காயும் ஒரே மரத்திலிருந்து ஒன்றாக விழுந்தால் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டுக்குமே தம் நிறையோடு ஒப்பிடும்போது அந்த வேகத்தில் காற்றுத் தடை சிறியது. 15 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் ஏறத்தாழ 1.7 செக்கனில் தரைக்கு வந்துவிடும், அப்போது வேகம் செக்கனுக்கு 17 மீற்றர், மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். தென்னந்தோப்பில் பிள்ளைகளை விளையாட விடுகிறவர்கள் கவனிக்க.

ஏப்ரல் 2

மூன்றாம் விதி பற்றிக் கேட்டுப் பலர் எழுதுகிறார்கள். "ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு." இதைப் பிள்ளைகள் தூக்கத்திலும் ஒப்புவிப்பார்கள். பொருள் கேட்டால் தரையைப் பார்ப்பார்கள்.

வாவியில் தோணியிலிருந்து கரையில் கால்வைக்கும் பையனைப் பாருங்கள். பையன் 50 கிலோகிராம், தோணி 100 கிலோகிராம். அவன் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தோடு கரைக்குத் தாவினால், நீரின் தடையை விட்டுப் பார்த்தால், தோணி செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் பின்னால் போகும். அவன் தோணியைப் பின்னே தள்ளினான். தோணி அவனை முன்னே தள்ளியது. அந்த இரண்டு விசைகளும் ஒரே நேரத்தில் தொடங்கின, ஒரே நேரத்தில் முடிந்தன, ஒரே அளவு. முதலில் தாக்கம், பிறகு அதற்குப் பதிலாக மறுதாக்கம் என்று ஒரு முன்பின் கிடையாது.

கம்பு ஊன்றித் தோணி தள்ளுகிறவரும் இதையே செய்கிறார். கம்பு வாவியின் அடிச் சேற்றைப் பின்னே தள்ளுகிறது, சேறு கம்பை முன்னே தள்ளுகிறது. சேறு இளகியதாக இருந்தால் கம்பு உள்ளே புதைகிறது, தோணி நகராது. சேற்றால் அந்த விசையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை என்பதால், கம்பும் அந்த அளவுக்குச் சேற்றைத் தள்ள முடியவில்லை. கவனியுங்கள்: இரண்டு விசைகளும் அப்போதும் சமன்தான், இரண்டுமே சிறியன.

ஏப்ரல் 6

சம்மாந்துறையிலிருந்து வந்த மறுப்பு: "லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியை முன்னே இழுக்கிறது. பெட்டியும் அதே அளவு லான்ட்மாஸ்டரைப் பின்னே இழுக்கிறது என்றால் இரண்டும் கழிந்து பூச்சியம். எப்படி நகரும்?"

கழிக்கக் கூடாது. ஒரு விசை பெட்டிமேல், மற்றது லான்ட்மாஸ்டர்மேல். என் பொக்கெற்றுக்கு வந்த நூறு ரூபாயையும் உங்கள் பொக்கெற்றிலிருந்து போன நூறு ரூபாயையும் கழித்து, காசே கைமாறவில்லை என்று சொல்வோமா?

ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். லான்ட்மாஸ்டர் சாரதியோடு 500 கிலோகிராம் என்று வைப்போம். அதன் சக்கரம் தரையைப் பின்னே தள்ளுகிறது. தரை அதை முன்னே தள்ளுகிறது, 1500 நியூற்றன். பெட்டி பின்னே இழுப்பது 1000 நியூற்றன். விளையுள் 500 நியூற்றன், ஆர்முடுகல் 1 மீற்றர்/செக்கன்². அடுத்து பெட்டி, 600 கிலோகிராம். லான்ட்மாஸ்டர் அதை முன்னே இழுப்பது 1000 நியூற்றன், உராய்வு பின்னே 400 நியூற்றன், விளையுள் 600 நியூற்றன், ஆர்முடுகல் அதுவும் 1 மீற்றர்/செக்கன்². இரண்டும் சேர்ந்து போகின்றன, கணக்கும் சேர்ந்து போகிறது.

இந்தக் கணக்கில் நாயகன் தரை. வயலில் சேற்றுக்குள் இறங்கியதும் ரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரும்புச் சக்கரம் மாட்டுகிறார்களே, அதன் தகடுகள் சேற்றை ஆழமாகப் பிடித்துப் பின்னே தள்ளத்தான்.

ஏப்ரல் 20

சுருக்கமாக ஒன்று. 50 கிலோ அரிசி மூடையின் திணிவு 50 கிலோகிராம், நிறை 490 நியூற்றன். பத்தாம் தரத்தில் 500 என்று எடுக்கலாம். சந்திரனுக்குக் கொண்டுபோனால் நிறை ஏறத்தாழ ஆறில் ஒன்றாகிவிடும், ஒருவரே எளிதாகத் தூக்கலாம். ஆனால் அங்கே அதை யாராவது உங்கள்மேல் வீசினால் இங்கே விழுத்துவதைப் போலவே விழுத்தும். திணிவு மாறவில்லை.

மே 19

கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்குக் காலம். கொம்புமுறி பற்றி எழுதாமல் இந்த இழை முடியாது.

தெரியாதவர்களுக்கு: ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த வைரமான மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. சிறுவயதில் பெரியவர்களின் கால்களுக்கு இடையே புகுந்து நின்று பார்த்திருக்கிறேன். கொம்பு கொளுவிய இடத்தில் முதலில் ஒரு நெரியும் சத்தம் வரும். கூச்சல் அடங்கும். எல்லாரும் அந்த இடத்தையே பார்ப்பார்கள். இழுப்பவர்களின் குதிகால் மண்ணில் குழி பறித்திருக்கும். பிறகு வெடிபோல ஒரு சத்தம், ஒரு பக்கத்தார் முழுப்பேரும் மல்லாந்து விழுவார்கள்.

இப்போது கேள்வி. மூன்றாம் விதிப்படி வடசேரிக் கொம்பு தென்சேரிக் கொம்பை எவ்வளவு விசையோடு இழுக்கிறதோ, அதே அளவோடு தென்சேரிக் கொம்பும் வடசேரிக் கொம்பை இழுக்கிறது. எந்தக் கணத்திலும் சமன். இழுக்கும் ஆட்கள் ஒரு பக்கம் பலசாலிகளாக இருந்தாலும் கொம்புகள் தொடும் இடத்தில் சமன்தான். அப்படியானால் ஒரு கொம்பு மட்டும் முறிவது ஏன்?

முறிவதைத் தீர்மானிப்பது விசையின் ஏற்றத்தாழ்வு அன்று. ஒரே விசையை இரண்டு மரங்களும் ஏற்கின்றன. ஒன்று தாங்குகிறது, மற்றது தாங்கவில்லை. நார் ஓடும் திசை, வளைவின் தடிப்பு, உள்ளே கண் இருக்கிறதா, மரம் எவ்வளவு காய்ந்தது, எல்லாம் அங்கே பேசும். கொம்புக்கு மரம் தேடிப் போகிற பெரியவர்கள் ஏன் அவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது இப்போது விளங்கும். கயிறிழுத்தல் போட்டியில் கதை வேறு. அங்கே கொம்பு இல்லை, ஆகவே தரையை யார் நன்றாக உதைத்து நிற்கிறார்கள் என்பதில்தான் வெற்றி. கயிறு இரண்டு பக்கத்தாரையும் ஏறத்தாழ ஒரே அளவாக இழுக்கும். ஈர மண்ணில் நிற்பவர் வழுக்குவார்.

மே 20

மேலே உள்ளதற்கு உடனே ஒரு கேள்வி வந்திருக்கிறது: "ஒவ்வொரு பக்கமும் 20 பேர், ஆளுக்கு 200 நியூற்றன் என்றால் பக்கத்துக்கு 4000 நியூற்றன். கொம்பில் 8000 நியூற்றன்தானே தாக்கும்?"

4000தான். நம்ப முடியாவிட்டால் தென்சேரிக்காரர் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்களுடைய கயிற்றை ஒரு புளியமரத்தில் கட்டிவிடுங்கள். வடசேரி 4000 நியூற்றனோடு இழுக்கிறது, எதுவும் நகரவில்லை. அப்படியானால் புளியமரம் எவ்வளவு இழுக்கிறது? 4000. முன்பு தென்சேரிக்காரர் செய்த வேலையை மரம் செய்கிறது. கொம்புக்கு மறுமுனையில் இருப்பது ஆட்களா, மரமா என்று தெரியாது. விற்தராசு இரண்டு கிடைத்தால் வீட்டிலேயே கொளுவி இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும், ஒருநாளும் கூட்டிக் காட்டாது.

மரத்தில் கட்டியது கொம்பை மிச்சப்படுத்துமா என்று ஒருவர் கேட்கிறார். மிச்சப்படுத்தாது. சாப்பாட்டுச் செலவு வேண்டுமானால் மிச்சம்.

ஜூன் 2

களுவாஞ்சிக்குடித் தங்கச்சி மீண்டும் எழுதியிருக்கிறார். மகன் "யார் → யாருக்கு" முறையைப் பிடித்துக்கொண்டானாம், கொப்பி முழுக்க அம்புக்குறிகளாம். ஒன்றில் மட்டும் நண்பனோடு சண்டை. பந்தை நேரே மேலே எறிந்தால், உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அங்கே பந்துமேல் என்ன விசை? நண்பன் சொல்கிறான்: நிற்பதால் விசை பூச்சியம், ஆர்முடுகலும் பூச்சியம். ஏறும்போது மேல்நோக்கிய விசை இருந்தது, அது தீர்ந்துபோய்விட்டது.

மகனிடம் அவன் முறையையே பாவிக்கச் சொல்லுங்கள். ஏறும்போது மேல்நோக்கிய அம்பு வரைகிறான் நண்பன். கொடுப்பவர் யார்? கை என்றால், கை பந்தைத் தொடுவது எறிந்த கணத்தோடு முடிந்துவிட்டது. வேறு யாருமில்லை. அம்பை அழிக்க வேண்டும். காற்றை விட்டுப் பார்த்தால் ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் பந்துமேல் இருப்பது ஒரே அம்பு, கீழ்நோக்கி, பூமி → பந்துக்கு, ஒரே நீளம். ஏறும்போது அது வேகத்தைக் குறைக்கிறது. இறங்கும்போது கூட்டுகிறது.

உச்சியில் வேகம் பூச்சியம் என்பது சரி. ஆர்முடுகல் பூச்சியம் என்பது தவறு. அங்கே ஆர்முடுகலும் பூச்சியமாக இருந்தால் வேகம் பூச்சியமாகவே தொடரும், முதலாம் விதிப்படி பந்து அங்கேயே நின்றுவிடும், இறங்கவே இறங்காது. செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் எறிந்த பந்து 1 செக்கனில் 5 மீற்றர் உயரத்துக்குப் போய், அடுத்த 1 செக்கனில் கைக்குத் திரும்பி வரும். மூன்று இடங்களிலும் பந்தை வரைந்து, மூன்றிலும் ஒரே நீள அம்பைப் போட்டு, பக்கத்தில் கொடுப்பவரின் பெயரை எழுதி நண்பனிடம் கொடுக்கட்டும்.